மின்னஞ்சலும் மாற்று வழியும்

வர்த்தகத்துக்குப் பணம் மட்டுமே மூலதனம் என்று எண்ணுவது தவறு. சொன்ன சொல் சொன்ன வேளையில் போய்ச் சேருவதும் மூலதனந்தான். சரக்கு நல்லதாயிருக்கலாம்; விலை நியாயமாயிருக்கலாம்; வாங்குவோரும் காத்திருக்கலாம். ஆயினும் விலை கேட்கும் கடிதம் உரிய நேரத்தில் வராமற்போனால், அல்லது சம்மதித்து எழுதிய பதில் வழியிலேயே தங்கிவிட்டால், பேரம் கைநழுவிப் போகிறது. இக்காலத்தில் அக்கடிதம் பெரும்பாலும் கைப்பேசியில் மின்னஞ்சலாக வருகிறது. அது ஒழுங்காக வராவிட்டால் வியாபாரிகள் அந்தக் கருவியையே தூக்கியெறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறார்கள். இதில் ஆச்சரியமில்லை. ஆனால் கருவியை மாற்றினால் மட்டும் போதுமா? மாற்ற முடிந்தவர்களால் எப்படி மாற்ற முடிந்தது? மாற்ற முடியாத கட்டுகளில் நாம் எங்கெங்கே சிக்கியிருக்கிறோம்? ராமநாதபுரம், ராமேசுவரம் கடற்கரையில் தொழில் நடத்துவோரும் பொதுக் காரியங்களில் உழைப்போரும் இக்கேள்விகளை யோசிக்க வேண்டுமென்று கருதியே இதை எழுதுகிறோம்.

இவ்விஷயத்தில் உலகம் கண்ட பெரிய உதாரணம் பிளாக்பெர்ரியின் சரித்திரமாகும். கனடா தேசத்து வாட்டர்லூ நகரில் ரிசர்ச் இன் மோஷன் என்ற பெயரில் இயங்கிய கம்பெனி 1999-ஆம் ஆண்டில் அக்கருவியை வெளியிட்டது. கடிதம் வந்த கணமே, கேட்காமலே, கைக்கு வந்து சேரும். சிறிய விசைப்பலகையில் உடனே பதில் எழுதலாம். வழியில் பிறர் படிக்க முடியாதபடி கடிதம் சங்கேதமாக மாறிச் செல்லும். வக்கீல்களும் பாங்கி அதிகாரிகளும் மந்திரிகளும் ஏற்றுமதி வியாபாரிகளும் இதை விரும்பியதில் வியப்பில்லை. 2011-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7 கோடிப் பேர் இச்சேவையில் சேர்ந்திருந்தனர். இந்தியாவிலும் அது அந்தஸ்தின் அடையாளமாயிருந்தது.

அதன் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனமாகவும் இருந்தது. கடிதம் எந்தத் தேசத்தில் எழுதப்பட்டாலும், எந்தக் கைப்பேசிக் கம்பெனியின் கம்பியில்லா வழியில் வந்தாலும், பிளாக்பெர்ரி கம்பெனியின் சொந்த நிலையம் ஒன்றைக் கடந்தே செல்ல வேண்டும். ஒரு பெரிய ஊரின் தபாலெல்லாம் ஒரே ஒருவருடைய வீட்டுத் திண்ணையின் வழியாகப் போய்வருவதைப் போன்றது இந்த ஏற்பாடு. திண்ணை சுத்தமாயிருக்கும் வரையில் தபால் விரைவாகவும் பத்திரமாகவும் போகும். வீட்டுக் கதவு அடைபட்டால் ஊர் முழுவதும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

2011 அக்டோபர் 10-ஆம் தேதி கதவு அடைபட்டது. இங்கிலாந்தில் ஸ்லவ் நகரிலிருந்த நிலையத்தில் முக்கியமான இணைப்புக் கருவியொன்று பழுதுபட்டது. அது கெட்டால் வேலையை ஏற்றுக்கொள்ள வேறொரு கருவி தயாராகவே வைக்கப்பட்டிருந்தது. அதை முன்பே பரிசோதித்தும் இருந்தார்கள். ஆனால் வேண்டிய வேளையில், பரிசோதனையில் நடந்தபடி அது நடக்கவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஐரோப்பா, மேற்காசியா, ஆப்பிரிக்கா, இந்தியா, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் கடிதங்கள் நின்றன. தேங்கிய கடிதங்களின் சுமை அக்டோபர் 12-ஆம் தேதி வட அமெரிக்காவையும் தாக்கியது. 13-ஆம் தேதிதான் சேவை முழுவதும் திரும்பியது. கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான மைக் லசாரிடிஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவ்வருஷம் தீபாவளி அக்டோபர் 26-ஆம் தேதி வந்தது. பண்டிகை வியாபாரம் சூடுபிடிக்கும் வாரத்தில் இந்தத் தடை நேர்ந்ததை நமது வியாபாரிகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

பிறகு நிகழ்ந்தவை பிரசித்தம். 2012 ஜனவரியில் கம்பெனியின் தலைவர்கள் இருவரும் பதவியைவிட்டு விலகினர். அவ்வருஷத்திலேயே எண்ணெய்த் தொழிலில் பெயர்பெற்ற ஹாலிபர்ட்டன் கம்பெனி தன் ஊழியர்களின் பிளாக்பெர்ரிகளை நீக்கிவிட்டு ஐபோனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அமெரிக்கச் சர்க்காரின் குடியேற்ற, சுங்க அமலாக்க இலாகா தன் 17,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அவ்வாறே செய்ய முடிவு செய்தது. 2016-ல் கம்பெனி கைப்பேசிகளைத் தானே தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. 2022 ஜனவரி 4-ஆம் தேதி பழைய பிளாக்பெர்ரிக் கருவிகளுக்கான சேவைகளும் முடிவுற்றன. மூன்றே நாள் தடையால் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்தது என்று சொல்வது மிகையாகும். தொடுதிரையும், பலவகைச் செயலிகளும், ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியையே அலுவலகத்துக்கும் உபயோகிக்கும் வழக்கமும் ஏற்கெனவே அதன் அஸ்திவாரத்தை அரித்துக்கொண்டிருந்தன. ஆயினும், நம்பகத்தன்மை ஒன்றையே தன் சரக்காக விற்றவன் அதையே கொடுக்கத் தவறியபோது, தயங்கிக்கொண்டிருந்தவர்களின் தயக்கம் தீர்ந்துவிட்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போவதில் இன்னோர் அபாயமும் உண்டு. வாசலைப் பிடித்தால் எல்லாரையும் பிடித்துவிடலாம் என்று சர்க்கார்கள் எண்ணத் தொடங்கும். கடிதங்களைப் பார்வையிடத் தங்களுக்கு வழி வேண்டுமென்று 2010 ஆகஸ்டில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்கார் பிளாக்பெர்ரியைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. பின்னர் அம்முடிவைக் கைவிட்டது. அதே ஆகஸ்டில் இந்திய சர்க்காரும் மாத முடிவுவரை கெடு வைத்தது. தேசப் பாதுகாப்புக்கும் பிரஜையின் அந்தரங்கத்துக்கும் உள்ள வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து துபாய் சென்று தொழில் நடத்துவோர் அதிகமாதலால் ஒன்றைமட்டும் சுட்டிக்காட்டுகிறோம். கருவி பழுதுபடாமலே, இரண்டு சர்க்கார்களும் ஒரு கம்பெனியும் நடத்தும் பேரத்தில், தன் கடிதம் நாளை வருமா என்று வியாபாரி அஞ்ச வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிளாக்பெர்ரியை விட்டவர்கள் ஒரே நாளில் வேறு கருவிக்கு எப்படி மாற முடிந்தது? மின்னஞ்சல் என்பது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானதன்று என்பதே இதற்குக் காரணம். ஒருவர் அனுப்பும் அஞ்சலை மற்றொருவர் எந்த நிறுவனத்தின் மூலமும், எந்தக் கருவியிலும் பெறலாம் என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே கருவி மாறிற்று, முகவரி மாறவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. இந்தியாவில் 2011 ஜனவரி 20-ஆம் தேதி முதல் கைப்பேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை தேசமெங்கும் அமலுக்கு வந்ததும் இவ்வகையைச் சேர்ந்த நன்மையே.

இதற்கு மாறானதையும் அதே பிளாக்பெர்ரியில் காணலாம். அக்கருவியில் பிபிஎம் என்ற செய்திப் பரிமாற்றச் சேவை இருந்தது. அதில் பிளாக்பெர்ரிக்காரர் பிளாக்பெர்ரிக்காரரோடு மட்டுமே பேசலாம். கருவியை மாற்றினால் அந்த வட்டம் முழுவதையும் இழக்க வேண்டும். 2013 அக்டோபரில்தான் அதை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குள் ஜனங்கள் வேறிடம் போய்விட்டார்கள். 2019 மே மாத முடிவில் பொதுமக்களுக்கான அச்சேவை மூடப்பட்டது. முகவரி தன்னுடையதாயிருந்தவன் தப்பினான். முகவரியும் கம்பெனியுடையதாயிருந்தவன் நண்பர் வட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க நேர்ந்தது. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஒற்றை வழியை நம்புவதன் பலனை நமது கடற்கரைக்குப் பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகச் சென்ற மார்க்கத்துக்குப் ‘போட் மெயில்’ என்றே பெயர். மெயில் என்பது தபால். கொழும்புக்குப் போகும் தபாலும் வியாபாரமும் இக்கரையின் வழியாகவே போயின. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாசஞ்சர் ரயிலொன்றைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று, பாலம் சிதைந்தது. தீவுக்கு வேறு பாலம் இல்லாமையால் ராமேசுவரம் துண்டிக்கப்பட்டுவிட்டது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டது பெரும் சாதனைதான். ஆனால் தனுஷ்கோடித் துறைமுகம் திரும்ப எழவேயில்லை.

இதனுடன் அண்மைக்கால நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலம் பலவீனப்பட்டதால் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கும் வரையில், இரண்டு வருஷங்களுக்கு மேல், ரயில் மண்டபத்தோடு நின்றது. தீவு பட்டினி கிடந்ததா? கோயில் வெறிச்சோடியதா? சிரமம் இருந்தது, நாசம் இல்லை. 1988-ல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டாவது வழியாக இருந்தது. 1964-க்கும் 2022-க்கும் இடையிலுள்ள பேதம் இரண்டாவது வழி என்ற ஒன்றே.

கப்பல் விஷயத்திலும் தமிழ்நாட்டுக்குப் பாடம் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது, ராமநாதபுரம் சேதுபதி வம்சத்தைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயிருந்தார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை விட்டு வியாபாரிகள் சுதேசிக் கப்பலுக்கு மாறினார்கள். ஆனால் முதலில் ஓடியவை வாடகைக் கப்பல்கள். வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலால் கப்பல் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அதன் பிறகே சொந்தக் கப்பல் இல்லாமல் தீராது என்று கண்டு, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை விலைக்கு வாங்கினார்கள். வாடகைப் பொருளின்மீது கட்டிய வியாபாரம் சொந்தக்காரனின் மனப்போக்குக்கு உட்பட்டது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இன்று இக்கரையில் நமது நிலை என்ன? மண்டபம், ராமேசுவரம் கரைகளில் இறங்கும் இறாலும் நண்டும் கணவாயும் ஐஸ் உருகுவதற்குள் விலைபேசப்பட வேண்டும். ஏற்றுமதியாகும் சரக்குக்குச் சுகாதாரச் சான்றும், பாங்கியின் எல்.சி.யும், கப்பல் ரசீதும் முன்னும் பின்னுமாகக் கடிதத்தில் போய்வர வேண்டும். கடற்பாசியும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும், கருப்பட்டியும் வெளியூர் வியாபாரியின் ஆர்டரை எதிர்பார்த்து நிற்கின்றன. யாத்திரிகர்களுக்கு அறை கொடுக்கும் விடுதிகளின் கணக்கும் கைப்பேசியில்தான் இருக்கிறது. இத்தனையும் பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு வாட்ஸ்அப் கணக்கிலும், இலவசமாகக் கிடைத்த ஒரு மின்னஞ்சல் முகவரியிலும் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

‘வாட்ஸ்அப் எப்போதும் வருகிறதே, மின்னஞ்சல் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. எப்போதும் வருவதில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, இந்தியாவில் இரவு 9 மணிக்குப் பிறகு, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றோடு வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுவிட்டது. எதிரியின் தாக்குதல் எதுவுமில்லை. அக்கம்பெனியாரே தங்கள் இணைப்புகளில் செய்த மாறுதல் தவறிப்போனதுதான் காரணம். சிறிது நேரத் தடையைவிடப் பெரிய குறை வேறொன்று. வாட்ஸ்அப்பை விட்டு வேறிடம் போக விரும்பினால், வாடிக்கைக்காரர்கள் அனைவரும் கூடவே வந்தாலொழியப் பயனில்லை. கருவியை எத்தனை முறை மாற்றினாலும் கட்டு அவிழ்வதில்லை. பிபிஎம்மில் கண்ட அதே பூட்டுத்தான் இங்கேயும் தொங்குகிறது.

சுதேசி நிறுவனத்தின் சேவைக்கு மாறிவிட்டால் போதுமே என்று தேசபக்தர்கள் சொல்லக்கூடும். நமது நாட்டார் நடத்தும் நல்ல சேவையை ஆதரிப்பது நமது கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுதேசி நிறுவனமும் பழுதுபடலாம், விலையை உயர்த்தலாம், மூடவும் மூடலாம். இதில் மத்திய சர்க்கார் நடந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் சேவைக்குச் சர்க்கார் ஊழியர்களின் ஏறத்தாழ 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் மாற்றப்பட்டன. அஞ்சலைக் கையாளும் நிறுவனம் மாறியும், சர்க்காரின் பெயரில் முடியும் பழைய முகவரிகள் அப்படியே இருக்கின்றன. நாளை வேறொரு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானாலும் பிரஜைகள் புது முகவரியைத் தேட வேண்டியதில்லை. சர்க்கார் தனக்குச் செய்துகொண்டதை மண்டபத்து வியாபாரி ஏன் தனக்குச் செய்துகொள்ளக் கூடாது?

செய்வது கடினமுமன்று. தொழிலின் பெயரிலேயே ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்துகொள்ளலாம். ‘இந்தியா’ என்ற தமிழ்ச் சொல்லில் முடியும் முகவரிகளும் கிடைக்கின்றன. சாதாரணமான பெயர் ஒன்றுக்கு வருஷக் கட்டணம் ஒரு மூட்டை அரிசியின் விலைகூட ஆகாது. ஆனால் அதைத் தொழிலின் சொந்தக்காரர் தம் பெயரில் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுத்தவரின் பெயரில் விட்டுவிடலாகாது. புதுப்பிக்கும் தேதி தவறினால் பிறர் அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. அந்த முகவரிக்கு வரும் அஞ்சலை எந்த நிறுவனத்தின் மூலம் பெறுவது என்பதைப் பிறகு விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். தனித்தனியே இயலாத சிறு வியாபாரிகளுக்கு அவர்களுடைய சங்கமே ஒரு முகவரியைப் பெற்று, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கித் தரலாம்.

அத்துடன் வேறு கம்பெனியின் இரண்டாவது இணைப்பு ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளின் கருவிகளும் ஒரே கோபுரத்தில் அமைந்திருக்கக்கூடும். அப்படியானால் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றவுடன் இரண்டும் சேர்ந்தே நிற்கும். விசாரித்துப் பார்த்து வாங்குவது நல்லது. கைப்பேசியிலுள்ள கடிதங்களின் பிரதி கடையிலுள்ள கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று ஏற்பாட்டை அடிக்கடி உபயோகித்துப் பார்க்க வேண்டும். பிளாக்பெர்ரியாரிடம் மாற்றுக் கருவி இல்லாமலில்லை. வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பு ஒரு நாள் முழுவதும் முதல் வழியை மூடிவிட்டு இரண்டாவது வழியிலேயே தொழில் நடத்திப் பார்ப்பவர் புயல் நாளில் திகைக்கமாட்டார்.

இது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய யோசனையன்று. கட்சி ஊழியர்களும் சங்கத் தலைவர்களும் அங்கத்தினர் பட்டியலையும் கூட்ட அறிவிப்புகளையும் ஒரே கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாயிருக்கிறார்கள். குழு மறைந்த அன்று இயக்கமும் சிதறிவிடுமானால் அதை ஸ்தாபனம் என்று எப்படிச் சொல்வது? பட்டியல் தங்கள் கையிலும் இருக்கட்டும்.

சர்க்காரின் கடமை தனியே உண்டு. வியாபாரி கருவியை மாற்றலாம். கடலில் இருக்கும் மீனவன் எதை மாற்றுவான்? கைப்பேசிக் கோபுரத்தின் சக்தி கரையிலிருந்து சிறிது தூரத்தோடு முடிந்துவிடுகிறது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அபாயச் செய்தி அனுப்பினால் அது கிடைத்தது என்ற பதிலும் திரும்பக் கிடைக்கும்படியான கருவியை இஸ்ரோ 2024-ல் அளித்திருக்கிறது. இத்தகையவை இக்கரையின் ஒவ்வொரு படகுக்கும் சேர வேண்டும். பெரிய செய்திச் சேவைகள் பிற சேவைகளோடும் செய்தி பரிமாறிக்கொள்ள இடங்கொடுக்க வேண்டுமென்று ஐரோப்பிய யூனியன் 2022-ல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம் விதிக்கிறது. கைப்பேசி எண்ணைக் கொண்டே கம்பெனியை மாற்றும் உரிமையை 2011-ல் அளித்த இந்தியா, செய்திச் சேவைகளிலும் அவ்வுரிமையை அளிக்கச் சட்டம் செய்ய வேண்டும். நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இதை வற்புறுத்துவார்களாக.

கருவி வரும், போகும். பிளாக்பெர்ரி போன இடத்துக்கு இன்றைய கருவிகளும் ஒரு நாள் போகும். அவற்றோடு நம் பெயரும் நம் வாடிக்கைக்காரர்களும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ஒரே பாலத்தை நம்பியிருந்ததன் விலையை 1964-ல் கொடுத்த கரை இது. அடுத்த மழைக்காலத்துக்குள் ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு வர்த்தக சங்கமும் தன் சொந்த முகவரியையும் தன் இரண்டாவது வழியையும் ஏற்படுத்திக்கொள்ளுமென்று எதிர்பார்க்கிறோம்.